கம்பு விழாத சத்தம்

கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நான்.
சாதனைப் பலகைக்குப் பெயிண்ட் அடிப்பது
என் வேலை இல்லை.
ஆனாலும் கார்த்திகை வந்தால்
ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

உயரம் தாண்டுதல், பெண்கள்.
செ. யோகமலர், இரண்டாம் ஆண்டு வணிகவியல்.
1.61 மீட்டர். 1986.

அவள் உயரமே ஒன்று ஐம்பத்திரண்டுதான்.
உச்சந்தலைக்கு மேலே ஐந்து விரற்கடை
காற்றில் அவளுக்கு நிலம் இருந்தது.
தரையில் இருந்தது
அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பாதி அறை.
கண்டியிலிருந்து வந்து, கப்பலேறி,
மண்டபம் முகாமில் வரிசையில் நின்று,
கோத்தகிரி ஏறிய குடும்பம்.
"அங்க இந்தியாக்காரின்னாங்க,
இங்க சிலோன்காரிங்கிறாங்க.
கம்புக்கு ரெண்டும் தெரியாது" என்பாள்.

எங்கள் மைதானத்தில் மெத்தை கிடையாது.
கட்டபெட்டு மர மில்லிலிருந்து
தீவனச் சாக்கில் மரத்தூள் வரும்.
நனைந்தால் கட்டிதட்டிவிடும்.
அதில் முதுகால் விழுந்தால் முதுகு மிஞ்சாது.
அதனால் அவள் பழைய முறையில்,
வயிறு கம்பைப் பார்க்க உருண்டு,
வலது கையும் காலும் முதலில் தரை தொடத்
தாண்டினாள்.
காதில் மரத்தூள், சடையில் மரத்தூள்,
டிபன் பாக்ஸ் மூடிக்குள்ளும்.

நான் கம்பு வைக்கிற பையன்.
விழுந்தால் எடுத்து வை.
விழாவிட்டால் ஏற்றி வை.
மூங்கில். நடுவில் கொஞ்சம் தொய்வு.

அன்று மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிட்டது.
கம்பருகே நின்றால்
ஓடிவரும் பாதை இல்லை, கல்லூரி இல்லை,
பெனடிக்ட் சாரின் குடை மட்டும்
கறுப்பாக எங்கோ.
"நிறுத்திக்கலாமா?"
"எண்ணிக்கிட்டு வந்துர்றேன் சார்."

ஒன்பது எட்டு அவளுக்கு.
காதால் எண்ணினேன். ஆறு. ஏழு.
எட்டாவது கனமாக, ஒன்பதாவது கேட்கவே இல்லை.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து
யாரோ வீசிய துணிமூட்டைபோல
வெள்ளையிலிருந்து வந்து வெள்ளைக்குள் போனாள்.
மரத்தூளில் ஒரு பொத்.

பிறகு மைதானம் முழுக்கக் காத்திருந்தது
மூங்கில் விழும் சத்தத்துக்கு.

வரவில்லை.

வெள்ளைக் கொடி தூக்கினார் சார்.
வெள்ளைக்குள் அதை யார் கண்டது!

நான் கண்டது வேறு.
கம்பு நடுங்கியது.
தொடை உரசி, ஒரு முனை தாங்கியைவிட்டு
நகப்பூச்சு கனம் எழும்பி,
யோசித்து,
திரும்ப உட்கார்ந்தது.

ஊட்டிக்காரர்கள் சொன்னார்கள்:
கம்பு வைக்கிறவன் பிடிச்சுக்கிட்டான்.
முப்பத்தேழு வருஷமாக ஏதாவதொரு கல்யாணப் பந்தியில்
யாராவது கண்ணடித்துக் கேட்கிறார்கள்.
என் இரண்டு கையும்
அண்ணனுடைய ஸ்வெட்டர் பைக்குள் இருந்தன.
குளிர். அவ்வளவுதான்.
பிடித்திருப்பாயா என்று கேட்டால்
அது வேறு கேள்வி.

அடுத்து ஒன்று அறுபத்திநாலு.
மூன்று முறையும் கேட்டது மூங்கில் சத்தம்.
இந்த ஆட்டத்தில் ஜெயித்தவரும்
மூன்று முறை தோற்றால்தான் வீட்டுக்குப் போகலாம்.
பாவாடையை உதறிக் கட்டிக்கொண்டு
நாலரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

கோவையில் முதன்முதலாக மெத்தை.
பஞ்சில் கால் புதைந்து சிரித்துவிட்டாளாம்.
மூன்றாமிடம். அப்புறம் ரயில்வே வேலை,
இருபத்தைந்தில் முழங்கால்.
1.61ஐ அவளே பிறகு தொடவில்லை.

போன மாதம் கக்குச்சிப் பெண் தர்ஷனா
நீல மெத்தையில் முதுகால் விழுந்தாள்.
1.63. நல்ல வெயில்.
எட்டு போன்கள் படம் எடுத்தன.

யோகமலரின் மேல் இரண்டு பூச்சு அடித்தேன்.
பக்கவாட்டில் நின்று பார்த்தால்
எழுத்து இன்னும் புடைத்திருக்கிறது.

ராத்திரி போத்தனூருக்குப் போன் போட்டேன்.
டியூட்டியில் இருந்தாள். பிளாட்பார இரைச்சல்.
"ரெண்டு சென்டிமீட்டர்" என்றேன்.

"கம்பு நடுங்குச்சா?"

"இல்ல."

ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போயிற்று.

"நல்லது" என்றாள்.
"அப்ப அந்தப் புள்ளைய
யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."